கையெழுத்து யார் கையில்?

மின்சாரம் தொட்டவனை விடாது. அவன் ஏழையா, பணக்காரனா, வெள்ளையனா, கறுப்பனா என்று அது விசாரிப்பதில்லை. ஆனால் அந்த மின்சாரத்தோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கும் தொழிலாளியைப் பார்த்து, “லைசென்சு உண்டா? பரீட்சை தேறினாயா? உனக்கு யார் சாட்சி?” என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும்! சாட்சிக் கையெழுத்து யார் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

முதலாளித்துவத்தின் கோட்டையாம் அமெரிக்காவில் எலெக்ட்ரீஷியன் எப்படி மேலே ஏறுகிறான் என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே மூன்று படி. கீழ்ப்படியில் அப்ரண்டிஸ். நடுப்படியில் ஜர்னிமேன். மேற்படியில் மாஸ்டர். ஜர்னி என்றதும் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு மொழியில் ‘நாள்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. தொழில் கற்று முடித்து, நாட்கூலி பெறும் தகுதி அடைந்தவன் என்பது அதன் பொருள். பெயரிலேயே கூலி இருக்கிறது, பாருங்கள்!

இந்தப் படிக்கட்டை எந்தப் புண்ணியவானும் தானம் செய்யவில்லை. 1891 நவம்பரில் செயிண்ட் லூயிஸ் நகரில், ஒரு நடனக் கொட்டகையின் மாடியிலிருந்த சிறு அறையில், பத்தே பத்துப் பிரதிநிதிகள் கூடி மின்தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கும் ஹென்றி மில்லர் அதன் முதல் தலைவர். ரயிலுக்குக் காசில்லை. சரக்கு வண்டியில் ஒண்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பகலில் கம்பத்தில் வேலை, இரவில் தொழிலாளரிடம் பிரச்சாரம்! இத்தொழிலுக்கு வந்த இருவரில் ஒருவர் வேலையிலேயே மாண்ட இடங்களும் அன்று உண்டு என்று அச்சங்கத்தின் வரலாறே கூறுகிறது. 1896 இல் வாஷிங்டனில் வேலை செய்துகொண்டிருந்தபோது மில்லரையும் மின்சாரம் தாக்கிற்று; கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். சங்கத்தின் முதல் தலைவருக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாமல் போனவர்களை எண்ணி முடியுமா?

முறையாகப் பயிற்சி வேண்டும், தேறியவன் மட்டுமே கம்பியைத் தொட வேண்டும் என்ற கோரிக்கை அப்படிப் பிறந்தது. 1897 இல் தேசிய மின்விதி நூல் முதன்முதலாக வெளிவந்தது. இன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தி வெளியிடுகிறார்கள். பரீட்சை பெரும்பாலும் அந்த நூலிலிருந்துதான். பல மாநிலங்களில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எளிது என்று நினைத்துவிட வேண்டாம்! எந்தக் கம்பி எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், எர்த் கம்பியின் பருமன் என்ன என்பதை அந்தப் பெரிய நூலில் நொடியில் தேடி எடுத்து, கணக்கும் போட்டாக வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நாடு முழுமைக்கும் ஒரே லைசென்சு என்பது அங்கே கிடையாது. நியூயார்க் மாநிலம் அதை அந்தந்த நகரங்களுக்கே விட்டுவிட்டது. டெக்சாஸில் 2004 இலிருந்துதான் மாநிலம் முழுவதற்கும் ஒரே லைசென்சு. அங்கே ஜர்னிமேன் ஆக 8,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. மாஸ்டர் ஆக 12,000 மணி நேரம். அத்தோடு இரண்டு ஆண்டு ஜர்னிமேன் லைசென்சும் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகே பரீட்சை. ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனிக்கு ஒரு மாஸ்டர் இருந்தே தீரவேண்டும் என்பதால், மேற்படி ஏறியவனுக்குத் தனி மதிப்பு.

ஏணி நல்ல ஏணிதான். ஆனால் ஏறியவர்களே அதை மேலே இழுத்துக்கொண்ட கதையும் உண்டு. அதை மூடி மறைப்பது தொழிலாளிக்கு அழகல்ல. வெள்ளைத் தொழிலாளர் ஆண்ட பல கிளைகள் கறுப்பினத்தாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தன. கிளீவ்லாந்து நகரின் 38 ஆவது கிளைமீது அரசாங்கமே வழக்குத் தொடுத்தது. 1970 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன வழக்கு அது. சங்க ஒப்பந்தத்தின்கீழ் முன்பு வேலை பார்த்தவனுக்கே வேலைக்கு அனுப்புவதில் முதலிடம் என்பது விதி. உள்ளே விட்டால்தானே வேலை பார்க்க முடியும்? உள்ளே விடாமலே ‘அனுபவம் எங்கே?’ என்றார்கள். இதற்கு நேர்மாறாக, நியூயார்க்கின் 3 ஆவது கிளை 1962 இல் ஆயிரம் புதிய அப்ரண்டிஸ்களைச் சேர்த்தபோது, கறுப்பினத்தாரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் நூற்றுக்கணக்கில் உள்ளே வந்தார்கள். ஆக, மனமிருந்தால் வழியிருந்தது.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். டெக்சாஸில் வேலை பார்த்த மணிகளுக்குச் சாட்சி, எந்த மாஸ்டரின் கீழ் வேலை பார்த்தானோ அவர் போடும் கையொப்பம். பாடுபட்டவன் இவன், கணக்குச் சொல்பவர் அவர். கம்பெனி கடையைக் கட்டிவிட்டால்? கூலி உயர்வு கேட்டு மனத்தாங்கலோடு வெளியேறியிருந்தால்? நாளை மாஸ்டர் ஆகித் தனக்கே போட்டியாக வரப்போகிறவனுக்குக் கையெழுத்துப் போட எந்த முதலாளியின் பேனா துள்ளிக் குதித்து முன்வரும்?

இதற்கு மாற்றும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. 1941 இல் சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து கூட்டுப் பயிற்சிக் குழுக்களை அமைத்தார்கள். குழுவில் இருதரப்புக்கும் சரிபாதி இடம். அப்ரண்டிஸ் பார்த்த மணிகள் அந்தக் குழுவிடம் பதிவாகின்றன. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் கணக்கு கூடவே போகும். பழைய முதலாளியின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க எலெக்ட்ரீஷியன்களில் பெரும்பாலோர் இன்னும் சங்கத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். உழைத்த மணிகளை எழுதிய படிவத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, முதலாளியின் மேசை முன்னால்.