வாயை மூடச் சொல்லும் அரசு, கைதட்டச் சொல்லும் அரசு

ஹாஸ்டல் கேட்டை ஒன்பது மணிக்கே பூட்டிட்டாங்கன்னா நாம என்ன சொல்வோம்? "வார்டன் ஒரு ஹிட்லர்டா!" கோபத்தில் சொல்றது, விட்டுடலாம். ஆனால் உலகச் செய்தி படிக்கும்போதும் இதே பழக்கம் தொடர்ந்தால் சிக்கல். ஜனநாயகம் இல்லாத எல்லா ஆட்சியையும் 'சர்வாதிகாரம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் இரண்டு வகை இருக்கிறது: எதேச்சதிகாரம், முற்றதிகாரம்.

ஹுவான் லின்ஸ் என்ற அரசியல் அறிஞர், ஸ்பெயினில் நடந்த ஃபிராங்கோவின் ஆட்சியை ஆராய்ந்து, 1964-ல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். எதேச்சதிகார அரசுக்கு வேண்டியது உங்கள் மௌனம். ஆட்சியைப் பற்றிப் பேசாதே, கூட்டம் சேர்க்காதே, அவ்வளவுதான். மனசுக்குள் நீங்க என்ன நம்பினாலும் அதற்குப் பெரிய கவலை இல்லை. முற்றதிகாரத்துக்கு மௌனம் போதாது. அதற்கு ஒரு சித்தாந்தம் இருக்கும். அதை நீங்க நம்பணும், நம்புறதை ஊரறியக் காட்டணும்.

உதாரணம் பார்ப்போம். சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் பினோசே நாடாளுமன்றத்தை மூடினார். பல்கலைக்கழகங்களுக்கு ராணுவ அதிகாரிகளையே தலைவர்களாக அனுப்பினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபை தனித்து நின்றது. 1976-ல் அது தொடங்கிய அமைப்பு, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்குச் சட்ட உதவி செய்து, நடந்த கொடுமைகளைப் பதிவும் செய்தது. அரசால் முழுசா விழுங்க முடியாத ஒரு இடம் மிச்சம் இருந்தது. 1988-ல் தன் ஆட்சி நீடிக்க பினோசே நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். 1990-ல் அவர் பதவியை விட்டு இறங்கினார்.

இப்போ ஸ்டாலினின் சோவியத் யூனியன். அங்கே மரபணு அறிவியல்கூட அரசியல் ஆனது. உலகம் முழுக்கச் சுற்றி விதைகளைச் சேகரித்த விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சிறையிலேயே இறந்தார். 1948 ஆகஸ்டில், ஸ்டாலினின் ஆதரவு பெற்ற லைசென்கோவின் கொள்கையே சரி என்று அறிவிக்கப்பட்டது. மரபியல் பாடம் வகுப்பறையை விட்டே போனது. பல ஆசிரியர்களுக்கு வேலை போனது. "நான் இதுவரை நம்பியது தவறு" என்று மேடையேறிச் சொன்ன விஞ்ஞானிகளும் உண்டு.

கவனிச்சீங்களா? அவர்களில் யாரும் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கவில்லை. லேபும் வகுப்பும் உண்டுன்னு இருந்தவங்க. "நமக்கெதுக்குப்பா அரசியல்"னு ஒதுங்கி நிற்கக்கூட அங்கே இடமில்லை. ஹிட்லரின் ஜெர்மனியிலும் இதே கதைதான். 1939-ல் பையன்களும் பெண்களும் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேருவது கட்டாயமானது.

ஒரு எச்சரிக்கை. எதேச்சதிகாரம் என்றால் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று அர்த்தம் இல்லை. சிலியில் பிள்ளையைத் தொலைத்த தாயிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? வேறுபாடு கொடுமையின் அளவில் இல்லை, அரசின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கச்சிதமான கோடும் கிடையாது. ஒரே ஆட்சி காலப்போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரலாம்.

அதனால் அடுத்த முறை ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. அரசு சொல்படி ஆடாத சங்கமோ, கோயிலோ, பத்திரிகையோ ஏதாவது மிச்சம் இருக்கா? பாடப்புத்தகத்தில் எது உண்மை என்பதை யார் முடிவு செய்யுறாங்க? சும்மா இருப்பவரை அங்கே சும்மா இருக்க விடுறாங்களா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அங்கே நடப்பது வெறும் அடக்குமுறை மட்டும் இல்லை.