துணியில் எழுதிய அரசியல்: ரஷ்யாவின் சிறு இயக்கங்களும் அவற்றின் கொடிகளும்

ஒரு கட்சிக்குப் பாராளுமன்றத்தில் ஆசனம் இல்லை, தொலைக்காட்சியில் இடம் இல்லை, ஆட்பலமும் சொற்பம் என்றால், அதற்கு மிஞ்சுவது கொடிதான். இருபது பேர் சும்மா நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே இருபது பேர் ஆளுக்கொரு கொடி தூக்கினால் படத்தில் பெரிய கூட்டமாகத் தெரியும். சோவியத் யூனியன் குலைந்த பிறகு ரஷ்யாவில் முளைத்த சிறு இயக்கங்களின் கொடிகளை இந்தக் கண்கொண்டுதான் நான் பார்க்கிறேன்.

முதலில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைக் கொடியை எடுப்போம். மன்னராட்சியை விரும்புவோரும் கடும் தேசியவாதிகளும் தூக்குவது இதைத்தான். 1858இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் இந்த வர்ணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தார். கறுப்பும் மஞ்சளும் அரச இலச்சினையில் பொன்னிறப் பின்னணியில் நிற்கும் கறுப்புக் கழுகிலிருந்து வந்தவை. 1896இல், இரண்டாம் நிக்கொலாய் முடிசூடிய அதே ஆண்டில், வெள்ளை, நீலம், சிவப்பு தேசியக் கொடியாக உறுதிப்படுத்தப்பட்டது. ரொமானோவ் வம்சம் ஆண்டதோ 304 வருடங்கள். இந்தக் கொடி கோலோச்சியது 38 வருடங்கள் மட்டுமே. கடைசி மன்னரைப் போற்றுகிறவர்கள் அவர் காலத்தில் ஒதுக்கப்பட்ட கொடியைத் தூக்குகிறார்கள் என்றால் பாருங்களேன்!

இது வெறும் சரித்திர வேடிக்கை அல்ல. 2005 முதல் நவம்பர் 4ஆம் திகதிகளில் நடந்த 'ரஷ்யப் பேரணி'களில் இந்தக் கொடி முன்னணியில் நின்றது. அங்கே எழுந்த கோஷங்கள் கொக்கேசியரையும் மத்திய ஆசியத் தொழிலாளரையும் குறிவைத்தவை. அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கட்டட வேலைக்கு மொஸ்கோவுக்கு வந்த ஒரு தாஜிக் இளைஞனுக்கு அந்த மூன்று வர்ணங்கள் மன்னரை ஞாபகப்படுத்தாது. தெருவை மாற்றிப் போகச் சொல்லும்.

அடுத்தது, எட்வார்ட் லிமோனோவும் அலெக்சாந்தர் டூகினும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய தேசிய போல்ஷெவிக் கட்சி. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பு அரிவாளும் சுத்தியலும். தூரத்திலிருந்து பார்த்தால் நாஸிக் கொடி; கிட்டப் போனால் கம்யூனிஸச் சின்னம். ஹிட்லரின் படையோடு பொருதிக் கோடிக்கணக்கானோரை இழந்த நாட்டில் இது எவ்வளவு ஆத்திரத்தைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆத்திரம்தான் அவர்களுக்கு வேண்டியதும். அவர்களுடைய பத்திரிகையின் பெயர் 'லிமோன்கா'. தலைவரின் பெயரும் அதில் ஒலிக்கும். பேச்சு வழக்கில் அது கைக்குண்டையும் குறிக்கும். 2007இல் கட்சி தீவிரவாத அமைப்பென்று தடைசெய்யப்பட்டது.

மூன்றாவது கொடி மிகப் புதியது. 2022இல் உக்ரேன் யுத்தம் பெருத்தபோது, அதை எதிர்த்த ரஷ்யர்கள் தங்கள் தேசியக் கொடியின் சிவப்புப் பட்டையை நீக்கி, வெள்ளை, நீலம், வெள்ளை என்று ஆக்கினார்கள். சிவப்பு இரத்தத்தின் நிறம், அது எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் கருத்து. ஆனால் உக்ரேன் பக்கம் நின்று போரிடும் ரஷ்யப் படையணியொன்றும் இதே நிறங்களை அணிந்துகொண்டது. அந்தப் படையணியை 2023இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. சமாதானம் கேட்டவன் கையிலும் துவக்குத் தூக்கியவன் தோளிலும் ஒரே சின்னம். இதனால் மாட்டுப்படுகிறவன் யார்? வெறுங்கையோடு தெருவில் நிற்கிறவன்தான்.

தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டினால் ரஷ்யச் சட்டப்படி 15 நாள் வரை தடுத்து வைக்கலாம். ஆகவே அங்கே ஒரு துண்டுத் துணி சின்ன விசயம் அல்ல.

இத்தகைய படங்கள் செய்தியில் வரும்போது நான் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வதுண்டு. இந்த வர்ணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? இன்றைக்கு அதைத் தூக்குவது யார்? அதைக் கண்டு பயப்படுவது யார்? முதற் கேள்விக்குப் புத்தகங்களில் விடை கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் தெருவைத்தான் பார்க்க வேண்டும்.