முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு காகிதம்

கல்யாணப் படம் பேச வரும் ஜோடிகள் என் ஸ்டூடியோவில் உட்காரும்போதே போனை நீட்டிவிடுவார்கள். இன்ஸ்டாகிராமில் சேமித்து வைத்த படங்கள் வரிசையாக ஓடும். "அக்கா, இது மாதிரி நாயக்கர் மகால் தூணுக்கு நடுவுல ஒண்ணு", "இது கீழக்குயில்குடி தாமரைக் குளம்தானே?" எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு நான் கேட்பேன்: "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" பெண் ஒரு நேரம் சொல்வாள், மாப்பிள்ளை வேறு நேரம் சொல்வார். பிறகு யாராவது பெரியவருக்குப் போன் போகும்.

மதுரையில் இருபக்க வீட்டாருக்கும் படம் எடுத்துப் பழகியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். இடத்தைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கல்யாண நாளின் மணிக்கணக்குக்கு ஒதுக்கினால் படங்கள் தாமாகவே நன்றாக வரும். அந்தக் கணக்கை ஜோடி இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டும். அதைப் பெரியவர்களிடம் விட்டால் சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் ஒதுக்குவார்கள், படத்துக்கு ஒதுக்க மாட்டார்கள்.

காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு அலங்காரம் மூன்று மணிக்கே தொடங்கியாக வேண்டும். பூ வைக்க, ஜடை பின்ன, கூரைப்புடவை மாற்ற என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். மண்டபத்து மணப்பெண் அறையில் பெரும்பாலும் ஒரே ஒரு டியூப்லைட், சுவரெல்லாம் பெட்டிகள். அந்த அறையின் ஜன்னல் பக்கத்தை மட்டும் காலியாக வைக்கச் சொல்லுங்கள். விடியும்போது அதில் வரும் வெளிச்சம் எந்த விளக்கிலும் கிடைக்காது.

தாலி கட்டுவது சில நொடிக் காரியம். கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசை மொத்தமும் எழுந்து நிற்கும். அட்சதை பறக்கும், அதைவிட அதிகமாகப் போன்கள் உயரும். மேடைக்கு முன்னால் நான்கடி இடம் காலியாக இருந்தால் போதும். அட்சதையை ஆட்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் மேடையை நோக்கிக் கூட்டம் வராது. இதை முந்தைய நாளே ஒரு மாமாவிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த இரண்டும் நாத்தனார் என்பது உங்கள் வழக்கமானால் அந்த நாத்தனார் யார் என்று எனக்கு முன்பே காட்டிவிடுங்கள். அவர் பெண்ணின் பின்னால் வந்து நிற்கும்போது நான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஹோமப் புகைக்குள் நாங்கள் தவிப்பது அவருக்கும் தெரியும், கேட்டால் அரை நிமிடம் நிறுத்தித் தருபவர்கள் உண்டு.

கோயில் கல்யாணம் என்றால் கணக்கே வேறு. திருப்பரங்குன்றத்தில் நல்ல முகூர்த்த நாளில் ஜோடிக்குப் பின்னால் ஜோடியாக நிற்பார்கள். அங்கே ஆற அமரப் படம் எடுக்க முடியாது. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கேமராவுக்கும் ஒவ்வொரு கோயிலிலும் ஒரு விதி. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, சீட்டு வாங்கி வைப்பது உங்கள் வேலைதான். ஜோடிப் படங்களை வெளியே வேறு இடத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் கல்யாணம் எடுத்தவர். ஒரு சுருளில் 12 படம், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் பெண் வீட்டுக்குப் போனதுமே ஒரு காகிதத்தைக் கொடுத்து, யார் யாருடன் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுவார். இன்றைக்கு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அதனாலேயே யாரும் எதையும் எழுதுவதில்லை. ஆல்பம் போடும்போதுதான், "அக்கா, எங்க சின்னத்தாத்தாவோட ஒண்ணுகூட இல்லையே" என்று போன் வரும். அவர் பந்தியில் நின்று பரிமாறிக்கொண்டிருந்திருப்பார்.

ஆகவே எழுதுங்கள். பெண் பக்கம் ஒரு பட்டியல், மாப்பிள்ளை பக்கம் ஒரு பட்டியல், பிறகு இருவரும் உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் யார், யாரை அடுத்தடுத்து நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதுங்கள். வெளியாளான எனக்கு அது தெரிய வழியே இல்லை. கூப்பிட்டு நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் முகம் தெரிந்த, தொண்டை பெரிதான ஒருவர் வேண்டும். கல்லூரி படிக்கும் அத்தை மகன்கள் இந்த வேலையை அற்புதமாகச் செய்வார்கள்.

இன்னொரு பெயரையும் பட்டியலில் அழுத்தமாக எழுதச் சொல்வேன். கணவரை இழந்த அம்மாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் தாமாக மேடைக்கு வர மாட்டார்கள். தூணோரம் நின்று பார்த்துவிட்டு, "நான் எதுக்குப்பா" என்பார்கள். கூட்டத்தில் யாரும் அவர்களை வற்புறுத்த மாட்டார்கள். நான் கூப்பிட்டால் வெளியாள் கூப்பிட்டது போலாகும். மணமக்களே முன்கூட்டி முடிவெடுத்து, மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் அப்படி எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டாத வீட்டை நான் பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தத்தைப் பலர் செலவு மிச்சம் என்று தெரிந்த தம்பியின் கேமராவிடம் விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு வரப்போகிறவரையே இதற்கும் கூப்பிடுங்கள் என்பது என் கட்சி. தட்டு மாற்றுவது, மோதிரம், இரு வீட்டார் படம் என்று வேலை குறைவு, கூட்டமும் குறைவு. எந்தப் பெரியப்பா கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்வார், மாப்பிள்ளை சிரிக்கும்போது கண்ணை மூடுவாரா என்பதெல்லாம் எனக்கு அன்றே தெரிந்துவிடும். நீங்களும் கேமரா முன்னால் பழகிவிடுவீர்கள். தனியாக அவுட்டோர் ஷூட் வைக்கக் கையில் காசு இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், நிச்சயதார்த்தத்தன்று மாலையில் அரை மணி நேரம் கொடுத்தாலே போதும்.

அவுட்டோர் கட்டாயம் வேண்டும் என்றால் அனுமதியிலிருந்து தொடங்குங்கள். 1636இல் கட்டி முடிக்கப்பட்ட நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பு. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் ஸ்டாண்டு வைத்து எடுப்பதற்கே அனுமதி கேட்பார்கள். டிரோன் ஆசை இருந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டிய மண்டபங்களில் நினைத்தபடி பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலாகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். கடற்கரை என்றால் ஒரு நுணுக்கம்: நம் கிழக்குக் கடலோரத்தில் காலையில் சூரியன் கடலுக்கு மேலே இருக்கும், அதனால் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் இருட்டும். முகம் தெளிவாக, பின்னால் நீலக் கடல் வேண்டுமானால் மாலையில் போங்கள். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் விடிகாலை.

ரிசப்ஷன் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பிதழில் 6.30 என்று போட்டுவிட்டு ஏழரைக்கு மேடையேறினால், அதற்குள் மொய்க் கவரோடு வரிசை வாசல்வரை நிற்கும். பிறகு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் ஒரே சிரிப்புதான். ஐந்தரைக்கே தயாராகி மண்டபத்து மாடிக்கு வாருங்கள். வேர்வை இல்லாத முகம், மங்கிய வெயில், நீங்கள் இரண்டு பேர் மட்டும். பின்னணிக்கு எல்இடி திரை வைப்பதாக இருந்தால் முதல் நாளே எனக்குச் சொல்லுங்கள். படத்தில் கோடு கோடாக விழாமலிருக்க ஷட்டர் வேகத்தை அதற்கேற்ப வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "கேமராவோட வரப்போறது யாரு?" தை, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் ஒரே நாளில் நான்கு கல்யாணம் ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஆல்பத்தை எடுத்தவர் வேறு மண்டபத்தில் இருப்பார். பெயரை எழுதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் ஒப்பந்தத் தாளில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். உங்கள் படத்தை விளம்பரத்துக்கு நாங்கள் போடலாமா கூடாதா என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். மறுத்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வளைகாப்புக்குத் தேதி கேட்டு வரும் ஜோடியிடம், "கல்யாண ஆல்பத்துக்கு இன்னும் செலக்ஷன் தரலையேம்மா" என்று நான் சொல்வது இந்தத் தொழிலில் சாதாரணம். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்காக எப்படியும் படங்களைத் திறந்து பார்ப்பீர்கள். அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பொறுக்கிவிடுங்கள். கையோடு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைப் பெண் வீட்டிலும் மற்றதை மாப்பிள்ளை வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.