கடலுக்கு அடியில் போக ஆசையா? கணக்கைப் பாருங்கள்!

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் நடந்தது. கூடூர், சூலூர்பேட்டை பக்கமெல்லாம் இந்த மாவட்டத்தோடு சேர்ந்ததால், ஏழுமலையான் மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் கிடைத்துவிட்டது. ஸ்ரீஹரிகோட்டா இப்போது திருப்பதி மாவட்டம்தான். ஆனால் அந்தக் கடலில் தலையை நுழைத்துப் பார்த்தால் கலங்கல் தண்ணீரும் மணலும்தான். மீன் பார்க்க வேண்டுமானால் வேறு கடலுக்குத்தான் போகவேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது இது ஒரு பேச்சாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்குக் கரீபியன் தீவுகளுக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் எடுத்த போட்டோக்களை அனுப்புகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கும் பேரன் பேத்திகள் அதைப் பார்த்துவிட்டு "தாத்தா, நாமும் போகலாமே" என்கிறார்கள். போகலாம். எங்கே, எப்போது, என்ன செலவில், என்ன ஜாக்கிரதையோடு என்பதுதான் கேள்வி. சென்ற வருடம் எங்கள் குடும்பத்துக்காக விசாரித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பத்திரிகைகளில்கூட "ஆக்ஸிஜன் சிலிண்டர்" என்று எழுதுகிறார்கள். அது தவறு. சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. சுத்தமான ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் அதுவே விஷமாகி வலிப்பு வந்துவிடும்.

ரயில்வேயில் காற்றழுத்த பிரேக்கோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்தச் சாதனத்தின் மேல் தனி மதிப்பு உண்டு. நம் ரயில் பெட்டிகளின் பிரேக் பைப்பில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். முக்குளிப்பவரின் முதுகில் இருக்கும் சிலிண்டரில் சுமார் 200! அதை நேராக வாயில் விட்டால் என்ன ஆகும்? ஆகவே இரண்டு கட்டமாகக் குறைக்கிறார்கள். முதல் வால்வு 200-ஐ ஏறத்தாழ 10-க்குக் கொண்டுவருகிறது. வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாவது வால்வு, நாம் இழுக்கும்போது மட்டும், நம்மைச் சுற்றியுள்ள தண்ணீர் என்ன அழுத்தமோ அதே அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும், எமில் கான்யான் என்ற இன்ஜினியரும் சேர்ந்து 1943-இல் இதை உருவாக்கினார்கள். கூஸ்தோ உலகப் புகழ் பெற்றார். வால்வு செய்த இன்ஜினியரை யாருக்கும் தெரியாது. இது எல்லா டிபார்ட்மென்டிலும் நடப்பதுதான்!

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இதன் வேகத்தைப் புரிந்துகொள்ள நமக்குக் கைவசம் ஓர் உதாரணம் உண்டு. திருமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? எச்சிலை விழுங்கிச் சரிசெய்கிறோம். அந்த மலைப்பாதை முழுவதும் இறங்கினாலும் மாறும் அழுத்தம், தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கினால் மாறும் அளவுதான். நாற்பது நிமிஷ பஸ் பயணத்தில் நடப்பது கடலில் சில நொடிகளில் நடந்துவிடுகிறது. ஆகையால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். ஜலதோஷம் இருந்தால் இறங்கவே கூடாது. ஏறும்போது மூச்சை அடக்கக் கூடாது. இது எல்லாவற்றிலும் முக்கியம். கீழே நிரப்பிய காற்று மேலே வரவர விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

நம் தமிழ்க் கடலில் இது புதிய விஷயம் அல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்கள் சிலிண்டர் ஏதும் இல்லாமல், கல்லைக் காலில் கட்டி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளி வந்தவர்கள். அந்தப் பக்கத்து முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று.

இனி இடங்களுக்கு வருவோம். எந்த ஊர் மலிவு என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் பிள்ளைக்கு எப்போது லீவு என்று பாருங்கள். கடலுக்கும் சீசன் உண்டு. நம் ஆந்திரப் பள்ளிகளுக்கு சங்கராந்தி, கோடை, தசரா என்று மூன்று லீவுகள்.

சங்கராந்தி லீவுதான் மிகச் சிறந்தது. ஜனவரியில் அந்தமான் கடல் அடங்கியிருக்கும். 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக் தீவில், கரையிலிருந்தே நடந்து இறங்கி முதல் முக்குளிப்பு செய்யலாம். படகு இல்லை, ஆகவே படகு வாந்தியும் இல்லை. தண்ணீர் தெளிவு, பவளமும் மீனும் கைக்கெட்டும் தூரம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி சுமாரில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீவிஜயபுரம்), அங்கிருந்து படகில் இரண்டு மணி சுமாரில் ஹேவ்லாக். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய உண்டு, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. செலவில் பாதிக்கு மேல் விமான டிக்கெட்டே தின்றுவிடும். ஆகவே மூன்று மாதம் முன்னதாக டிக்கெட் வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தமான் கட்டுப்படியாகும்.

அதே ஜனவரியில் இன்னொரு வழி, கர்நாடகத்து முருடேஸ்வர். பெரிய சிவன் சிலை இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கிருந்து கடலுக்குள் 19 கிலோமீட்டர் தூரத்தில் நேத்ராணி என்ற தீவு. அக்டோபரிலிருந்து மே வரை அழைத்துப் போகிறார்கள், மழைக்காலத்தில் கிடையாது. ரயிலிலோ காரிலோ போய் வரலாம், கோயிலும் பார்த்த மாதிரி ஆகும். ஆனால் படகுப் பயணம் ஒரு மணிக்கு மேல். வயிற்றைக் கலக்கும் ஆசாமிகள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோடை லீவுக்கு என் ஓட்டு திருகோணமலைக்கு. இலங்கையின் கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். நம் பக்கத்துக் கடல்கள் பல கொந்தளிக்கும் காலம் அது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு என்ற சிறு தீவு, தேசியப் பூங்கா. ஆழம் குறைவு, ஆகவே புதியவர்களுக்கு ஏற்றது. சிலிண்டர் வேண்டாம் என்கிறவர்கள் முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்துக்கொண்டு மேலிருந்தே மீன்களைப் பார்க்கலாம். ஆள் சீண்டாத சிறு சுறாக்கள்கூடத் தெரியும். தமிழ் ஊர் என்பதால் சொல்வது புரியும், நாம் கேட்பதும் புரியும். தண்ணீருக்குள் உயிரை ஒப்படைக்கப் போகும்போது இது சின்ன விஷயமில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், பிறகு ரயில். அங்கும் நம்மைப் போலவே அகலப்பாதை! இதே கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு அப்பால், 1942-இல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. பிள்ளைகள் அதைப் பற்றிப் படித்துவிட்டு ஆசைப்படுவார்கள். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. புதியவர்களுக்கு 12 மீட்டரோடு எல்லை. மறந்துவிடச் சொல்லுங்கள்.

தசரா லீவு அவ்வளவு நம்பகமில்லை. வடகிழக்குப் பருவமழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

பாண்டிச்சேரியை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். சித்தூரிலிருந்து காரில் விடிய விடியக் கிளம்பினால் காலை டிபனுக்குப் போய்விடலாம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. இயற்கைப் பவளம் என்று பெரிதாக இல்லை. செயற்கையாக இறக்கி வைத்த அமைப்புகளில் மீன்கள் குடியேறியிருக்கின்றன. அந்தமானைப் போலத் தெளிவாகத் தெரியாது. இருந்தும், பிள்ளைக்கு இது பிடிக்குமா, பயப்படுவானா என்று தெரியாத நிலையில், நாலு பேருக்கு விமான டிக்கெட் வாங்கும் முன்னால் ஒருமுறை பாண்டிச்சேரியில் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பேன். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் பெட்ரோலும் ஒரு நாள் ரூமும்தான்.

கட்டணம் என்று பார்த்தால், பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு போகும் முதல் முக்குளிப்புக்கு நம் நாட்டில் ஆளுக்குச் சுமார் 4,000 முதல் 7,000 ரூபாய் வரை. மூன்று நான்கு நாள் முறையாகப் படித்து, உலகெங்கும் செல்லும் அட்டை வாங்குவதற்கு 30,000 ரூபாயை ஒட்டி ஆகும். 'பாடி', எஸ்.எஸ்.ஐ. என்ற அமைப்புகளின் அட்டை அது. 18 மீட்டர் வரை போகலாம், ஆயுளுக்கும் செல்லும். பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மிச்சம் பிடிக்கும் வழி: பாடத்தை வீட்டிலேயே படித்து, நீச்சல்குளப் பயிற்சியைச் சென்னையிலோ பெங்களூரிலோ முடித்துக்கொண்டு, கடல் முக்குளிப்பு நான்கை மட்டும் அந்தமானில் செய்யலாம். தீவில் ஹோட்டல் வாடகை இரண்டு நாள் குறையும்.

இப்போது கரீபியன். அந்தப் பக்கத்தில் படிப்பதற்கு மிகவும் மலிவான இடம் என்று பெயர் எடுத்தது ஹோண்டுராஸ் நாட்டின் உத்திலா தீவு. அங்கே அட்டைக்கு 300, 400 டாலர் ஆகும் என்கிறார்கள். நம் ரூபாயில் பாருங்கள்: அந்தமான் கட்டணம்தான்! ஆக, இதற்காக என்று இங்கிருந்து கரீபியன் போவதில் அர்த்தமில்லை. ஆனால் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போயிருக்கும்போது குடும்பத்தோடு போவது வேறு. அப்படிப் போகிறவர்கள் விசாவை முதலில் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் குரோயும் அமெரிக்காவுக்குச் சொந்தமானவை, வேறு நாட்டு விசா கேட்க மாட்டார்கள். மெக்ஸிகோவின் கோசுமெல் தீவுக்கும் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவே போதும். ஆனால் அங்கே நீரோட்டம் இழுக்கும், புதியவர்கள் ஆழம் குறைந்த இடங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அந்தக் கடலில் சூறாவளிக் காலம். தெற்கே வெனிசுலாவை ஒட்டிய பொனேர், குராசாவ் தீவுகளுக்கு மட்டும் அந்தப் பயம் குறைவு. பொனேரில் அந்தமான் போலவே கரையிலிருந்தே இறங்கலாம்.

எங்கே போனாலும் பணம் கட்டும் முன்னால் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? படகில் முதலுதவிக்கு ஆக்ஸிஜன் உண்டா (இங்கே உண்மையிலேயே ஆக்ஸிஜன்தான்)? அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? உடல்நலப் படிவம் கொடுக்கிறார்களா? ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது ஆபரேஷன், கர்ப்பம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். படிவமே கொடுக்காமல் "ஒன்றும் ஆகாது, வாங்க சார்" என்கிறவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். "நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்" என்றுதான் எல்லோரும் விளம்பரம் செய்கிறார்கள். வரலாம்தான். ஆனாலும் நீச்சல் தெரிந்த பிள்ளை பதறாது. நாங்கள் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றதை, இந்தக் காலப் பிள்ளைகள் குளத்தில் ஒரு மாதம் பணம் கட்டியாவது கற்கட்டும்.

கடைசியாக ஒன்று. நம் ஊர்க்காரர்களுக்கே உரிய விஷயம் இது. வெளியூர்ப் பயிற்சியாளருக்குச் சொல்லத் தோன்றாது. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழ் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். அதனால்தான் ஒரு முக்குளிப்புக்குப் பிறகு 12 மணி நேரமும், பல முக்குளிப்புக்குப் பிறகு 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். இந்த விதி விமானத்துக்கு மட்டுமல்ல, 2,000 அடிக்கு மேற்பட்ட எந்த உயரத்துக்கும் பொருந்தும். திருமலை 2,500 அடிக்கு மேல். பெங்களூர் 3,000 அடி. முருடேஸ்வரில் மதியம் முக்குளித்துவிட்டு அன்று ராத்திரியே மலைத்தொடர் ஏறி பெங்களூர் வழியாக சித்தூர் திரும்புவதும், பாண்டிச்சேரியில் காலையில் இறங்கிவிட்டு சாயந்திரம் அப்படியே திருமலை ஏறுவதும் கூடாது. ஆழம் குறைந்த ஒரே முக்குளிப்பில் ஆபத்து மிகச் சிறியது என்பது உண்மைதான். ஆனால் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வண்டி வராது என்று நம்புகிற வழக்கம் ரயில்வேயில் எங்களுக்குக் கிடையாது.

300 ரூபாய் தரிசன டிக்கெட்டை வெகு முன்பே வாங்கிவைத்திருப்பீர்கள். அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு, தரிசனத்தை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குக் கிளம்புங்கள். அல்லது கடலிலிருந்து வந்து ஒரு ராத்திரி வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு, மறுநாள் மதியத்துக்கு மேல் மலை ஏறுங்கள்.