ஐந்தாவது உதைக்கு யார்?

தூத்துக்குடி தருவை மைதானத்தில் பூட்ஸைக் கழற்றும் நேரத்துச் சண்டை இது: பெனால்டியில் கெட்டி மெஸ்ஸியா, கேனா?

2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆட்ட நேரத்தில் மெஸ்ஸி அடித்த பெனால்டி 5; உள்ளே போனது 4. போலந்தின் ஷ்செஸ்னி ஒன்றைத் தடுத்தார். பிரான்சுக்கு எதிராக ஹாரி கேன் ஒன்றை வலையில் சேர்த்தார். 84-ஆவது நிமிடத்தில் கிடைத்த அடுத்ததைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தூக்கிவிட்டார். எதிரே நின்ற லோரிஸ், கிளப்பில் அவரோடு ஆடியவர். பெரிய ஆட்டங்களில் சுமாராக நான்கில் மூன்று உள்ளே போகும். தவறும் அந்த ஒன்று யார் தலையில் விடிகிறது என்பதைப் பட்டியல் சொல்லாது.

2023 ஜூலை 4, பெங்களூரு. சாஃப் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவும் குவைத்தும் 1-1. டைபிரேக்கரில் உதாண்டா சிங் தவறவிட்டார். மகேஷ் சிங் ஆறாவதை அடித்துவிட, குவைத் கேப்டனின் உதையை குர்பிரீத் பாய்ந்து தடுத்தார். 5-4. கோப்பை வந்த சந்தோஷத்தில் உதாண்டாவின் உதை மறந்தே போனது. இரண்டே மாதத்தில் தாய்லாந்தில் இராக்கிடம் அதே 5-4 கணக்கில் தோல்வி. முதல் உதையைக் கம்பத்தில் அடித்த பிராண்டனின் பெயர்தான் நின்றது.

பெனால்டி வெறும் லாட்டரி என்பாரும் உண்டு. ஆளுக்கு ஆயிரம் உதை பழகி வரச் சொன்னார் ஸ்பெயின் பயிற்சியாளர்; கத்தாரில் மொராக்கோவிடம் அடித்த மூன்றில் ஒன்றும் போகவில்லையே என்பார்கள். பழகிய காலுக்கே அந்தக் கதி என்றால், பழகாத காலுக்கு?

முத்துக்குளித்துறைப் பையன்கள் பந்து பழகுவது மணலில். நாலு பேர் ஓடினால் பெனால்டிப் புள்ளி அழிந்துவிடும். 11 மீட்டரைக் காலடி வைத்து அளப்பார்கள். காலடி ஆளுக்கு ஆள் மாறும். ஊன்றுகால் புதையும். நட்ட குச்சிகளுக்கு நடுவே ஆடிய கண்ணுக்கு 7.32 மீட்டர் கோல் புதுசு.

திருவிழாப் போட்டி டைபிரேக்கருக்குப் போனால், ஐந்தாவதாக யார் என்றதும் அண்ணன்மார் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். “நீ போடா தம்பி” என்று ஒரு பொடியன் முதுகில் கை விழும். 2021 ஜூலையில் வெம்பிளியில், யூரோ இறுதியின் ஐந்தாவது உதைக்குப் போன சாக்காவுக்கு வயது 19. இத்தாலி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். இணையத்தில் நிறவெறி வசவு கொட்டியது. இங்கே அது கடைத்தெருவில், முகத்துக்கு நேரே.

சுண்ணாம்பில் ஒரு புள்ளி, ஓடிக் களைத்த காலோடு ஆளுக்கு ஐந்து உதை. அரை மணி போதும். வெளிச்சம் போகிறது என்று முதலில் கைவிடப்படுவது அந்த அரை மணிதான்.