இரண்டு வரிகளுக்கு நடுவே காணாமல் போன தடை

லினக்ஸில் ரூட் கணக்குக்கு முடியாதது எதுவும் இல்லை என்பார்கள். அந்த ரூட்டுக்கே மறுப்புச் சொல்லும்படி ஒரு கோப்பை வைக்க முடியும். ‘சாட்டர்’ கட்டளையில் ‘+ஐ’ கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எழுத முடியாது, அழிக்க முடியாது, பெயரைக்கூட மாற்ற முடியாது. ரூட்டாக இருந்தாலும் முதலில் அந்தத் தடையை நீக்கிவிட்டுத்தான் கோப்பைத் தொட வேண்டும். டிஎன்எஸ் முகவரிகள் இருக்கும் கோப்பை வேறு மென்பொருள் ஓயாமல் மாற்றி எழுதும்போது, சர்வர் நிர்வாகிகள் கடைசியில் கையில் எடுப்பது இதைத்தான்.

இத்தனை உறுதியான தடை, கெர்னலுக்குள் ஒரே ஒரு பிட். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு பதிவு உண்டு. அதில் 32 பிட் கொண்ட ஓர் எண் இருக்கிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அந்த எண்ணில் 16 சேர்ந்தால் ‘மாற்றக் கூடாது’. 32 சேர்ந்தால் ‘கடைசியில் சேர்த்து எழுத மட்டும்’. 128 சேர்ந்தால் ‘படித்த நேரத்தைப் பதியாதே’. இவைதான் ஃப்ளாக்குகள். ஆனால் கணக்கு டிஸ்க்கில் ஒன்று, நினைவகத்தில் வேறொன்று. டிஸ்க்கில் 16 ஆக இருக்கும் மாற்றத் தடை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பொது ஐநோடில் 8. ஒன்றை இன்னொன்றாகப் பெயர்க்கச் சில வரி நிரல் தேவைப்படுகிறது. கோளாறு அந்தச் சில வரிகளில்தான் இருந்தது.

2014 வரை எக்ஸ்ட்4 செய்துவந்தது இது: முதல் வரியில் நினைவகத்து எண்ணிலிருந்து இந்த ஃப்ளாக்குகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிடும். அடுத்த வரிகளில் டிஸ்க் பதிவைப் பார்த்து, இருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடும். முடிவில் எண் சரியாகவே இருக்கும். எத்தனை முறை சோதித்தாலும் சரி என்றே வரும். ஆனால் துடைத்ததற்கும் திரும்பப் போட்டதற்கும் நடுவே, அந்தக் கோப்புக்குத் தடையே கிடையாது. பழைய பூட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, புதுப் பூட்டை எடுக்க உள்ளே போன கதை. தடையை யாரும் நீக்கச் சொல்லியிருக்க வேண்டியதுகூட இல்லை. அதே கோப்பின் ‘நேரத்தைப் பதியாதே’ ஃப்ளாக்கை மாற்றினாலும் இதே வழியாகத்தான் போய்வர வேண்டும்.

லாக் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். லாக் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஃப்ளாக்கை மாற்றாமல் அது தடுத்தது. ஆனால் கோப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று பார்க்கும் பகுதி அந்த லாக்கை எடுப்பதே இல்லை. எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு திறப்புக்கும் லாக் எடுக்கச் சொன்னால் வேகம் அடிபடும். எழுதுகிறவருக்கு லாக், படிக்கிறவருக்கு இல்லை என்ற இந்த ஏற்பாட்டில், இடைநிலை மதிப்பு எதுவும் வெளியே தெரியவே கூடாது. இறுதி மதிப்பு சரியாக இருப்பது பாதி வேலைதான்.

எக்ஸ்ட்4-ஐப் பராமரிக்கும் தியோடர் ட்சோ கொண்டுவந்த திருத்தம் எளிமையானது. புதிய மதிப்பை முழுதாகத் தனியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது. ஐநோடில் இருக்கும் எண் இன்னும் முன்பு பார்த்ததாகவே இருந்தால், பிராசஸரின் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையால் ஒரே வீச்சில் மாற்றுவது. நடுவில் வேறு யாராவது மாற்றியிருந்தால் மறுபடி படித்து மறுபடி கணக்கிடுவது. கெர்னலில் இந்த எண்ணைத் தொடும் எல்லாரும் ஒரே லாக் முறையைப் பின்பற்றினால் இந்தச் சுற்றே வேண்டாம். அந்த ஏக்கம் அன்றைய நிரல் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

தடை போட்ட பிறகும் ஓட்டை இருந்தது. சோதனை பெரும்பாலும் கோப்பைத் திறக்கும்போது மட்டும் நடந்ததால், தடை வருவதற்கு முன்பே எழுதுவதற்காகத் திறந்து வைத்திருந்த நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கலாம். எக்ஸ்ட்4 இதை அடைத்தது 2019-இல்தான்.

இன்னொன்று, பழைய பிழை ஒன்றைக் காலமெல்லாம் சுமக்கும் விவகாரம். ஃப்ளாக்கைப் படிக்கவும் எழுதவும் உள்ள கெர்னல் அழைப்பின் எண்ணில், தரவின் அளவு ‘லாங்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 64 பிட் கணினியில் அது 8 பைட். உண்மையில் கெர்னல் கையாள்வது 4 பைட் ‘இன்ட்’. பொறித்ததை மாற்றினால் பழைய நிரல்கள் நின்றுபோகும் என்பதால் அப்படியே விட்டார்கள். அந்த அளவை நம்பிய ஃபியூஸ் (பயனர் நிரலே கோப்பு முறைமையை நடத்த உதவும் கெர்னல் பகுதி), 4 பைட் இடம் ஒதுக்கிய நிரலின் ஸ்டாக்கில் பக்கத்து 4 பைட்டையும் சேர்த்து எழுதிவிடும் நிலை இருந்தது. ஃபியூஸில் இதை 2020-இல் திருத்தினார்கள்.

ஃப்ளாக்கை மாற்றும் முன், கேட்பவர் உரிமையாளர்தானா, அதிகாரம் உண்டா, லாக் எடுத்தாயிற்றா என்ற சோதனைகளை அதுவரை ஒவ்வொரு கோப்பு முறைமையும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. 2021-இல் மிக்லோஷ் செரெடி அவற்றைப் பொது அடுக்குக்கு நகர்த்தினார், லினக்ஸ் 5.13-இல் அது வந்தது. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

ஃப்ளாக்கைப் படிக்கவும் எழுதவும் உள்ள அந்தக் கெர்னல் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்தி நிரல் எழுதுகிறவர்கள் ‘இன்ட்’ மாறியையே கொடுங்கள். இருக்கும் மதிப்பை முதலில் படித்து, உங்களுக்கு வேண்டிய பிட்டை மட்டும் மாற்றி, மற்றவற்றை வந்தபடியே திருப்பி எழுதுங்கள்.