வேகவதிக் கரையோரம் ஒரு நாள்

காஞ்சிக்கு வெளியூரிலிருந்து வருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். காலையில் வந்திறங்குகிறார்கள், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜர் சந்நிதிகளை நடை சாத்துமுன் தரிசிக்க விரைகிறார்கள், பிறகு யாரோ ஒருவர் அழைத்துச் செல்லும் கடையில் ஒரு பட்டுப் புடவை வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் புடவை கைத்தறியில் நெய்ததா, அதன் சரிகை எத்தகையது, அழைத்து வந்தவருக்குக் கொடுத்த தரகு யார் தலையில் விழுந்தது என்பன அவர்களுக்குத் தெரிவதில்லை. தறியை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஆற்றையும் பார்ப்பதில்லை. காஞ்சி ஓர் ஆற்றங்கரை நகரம் என்று சொன்னால் பலர் வியப்படைவர்.

அந்த ஆறு வேகவதி. நம் திருப்புட்குழிக்கு அண்மையிலுள்ள தாமல் பகுதியில் தோன்றி, காஞ்சி நகரை ஒட்டிச் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கம் நம் நெசவாளரில் பலருக்கு உண்டு. அத்தகைய ஓய்வு நாளொன்றில் குடும்பத்துடன் இவ்வாற்றின் வழியே சென்று வருவது எப்படியிருக்கும் என்பதை எழுத விரும்புகிறோம். வெளியூராருக்குக் காட்டத் தகுந்த வழியும் இதுவே என்பது நம் கருத்து.

திருப்புட்குழியிலேயே தொடங்கலாம். காஞ்சிக்கு மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள ஊர் இது. புள் என்றால் பறவை. இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது தலவரலாறு. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இங்கே விஜயராகவப் பெருமாள் ஜடாயுவைத் தாங்கிய கோலத்தில் எழுந்தருளியுள்ளார். குழித்தறியில் இறங்கி அமர்ந்து நெய்யும் நமக்கு, ஊர்ப்பெயரிலுள்ள குழி அயலாகத் தோன்றுவதில்லை! பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டி உறங்குவதும், மரகதவல்லித் தாயார் அருளால் அது முளைக்கும் என நம்புவதும் இத்தலத்தின் வழக்கம். வறுத்த விதை முளைக்காது என்பதை நம் உழவர் அறியாதவரல்லர். ஆயினும் அப்பெண்ணிடம் அதைச் சொல்லும் உழவரை நாம் கண்டதில்லை.

நெசவாளர் கேட்க வேண்டியது குதிரை வாகனத்தின் கதை. மூட்டுகள் அசையும்படி, உயிர்க்குதிரை போலவே அமைந்தது அது. அதைச் செய்த தச்சர், இதுபோல் இன்னொன்று வேறெவருக்கும் செய்து தருவதில்லை என்று கொடுத்த வாக்கைக் காக்க உயிரையே விட்டாராம். அதனால் திருவிழாவின் எட்டாம் நாளில் பெருமாளே அவர் பெயர் தாங்கிய வீதிக்கு எழுந்தருளுகிறார் என்பர். ஒரு புதிய கரை வெளிவந்த மறுவாரமே அதைப் பத்து இடங்களில் விசைத்தறியில் ஓட்டும் இக்காலத்தில், இக்கதை நம் உள்ளத்தைத் தொடுகிறது.

தாமல் ஏரிக்கரையில் சற்றே இளைப்பாறிவிட்டு நகரை நோக்கிச் சென்றால், வேகவதிக் கரையிலேயே திருப்பருத்திக்குன்றம் வருகிறது. சமண காஞ்சி என வழங்கும் இவ்வூர்க் கோயிலில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபம் உள்ளது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. அவ்வுருவங்கள் உடுத்தியுள்ள ஆடைகளை நம் அங்கத்தினர் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பயணிகள் கூட்டம் இங்கு வருவது அரிது.

பிரமனின் வேள்வியை அழிக்க வேகவதியாகப் பெருகி வந்த சரஸ்வதியைத் தடுக்கத் திருமால் குறுக்கே பள்ளிகொண்டார் என்று திருவெஃகாத் தலபுராணம் கூறுகிறது. இன்று ஆற்றைத் தடுப்பது திருமால் அல்லர். சாக்கடையும் குப்பையும் ஆக்கிரமிப்புகளுமே. சாயக் கழிவு நீரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாகப் பேசியவர் ஆகமாட்டோம். பாலாற்று நீர் பட்டுக்கு மெருகேற்றும் எனப் பெருமை பேசும் நாம், சாயத் தொட்டியின் நீர் எங்கே போகிறது என்பதையும் பேச வேண்டும். துர்நாற்றம் வீசும் கரைக்கு எந்த விருந்தினரை அழைப்பது? அக்கரைத் தண்ணீர் கீழே யார் வயலுக்குப் போகிறது?

நகரில் காட்ட வேண்டியவை இரண்டு. 1904 அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது இக்காஞ்சியில்தான். இதை அறிந்த பயணி ஒருவரையும் நாம் சந்தித்ததில்லை. மற்றொன்று தறி. கோர்வைப் புடவையில் கரைகளுக்கும் உடலுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. நெய்பவர் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் வேண்டும். பத்து நிமிடம் அதைக் கண்டவர் விலை அதிகம் என்று பேசத் தயங்குவார். சங்க விற்பனை நிலையம் ஒவ்வொன்றிலும் ஓடும் தறி ஒன்றை வைத்து, நெய்பவருக்கு அதற்கெனத் தனிக் கூலி கொடுத்தால் என்ன? காட்சிக்காக நெய்வதும் உழைப்பே. அதை இலவசமாகக் கேட்கலாகாது. நிர்வாகக் குழுக்கள் இதை ஆலோசிக்கட்டும்.

பிற்பகலில் செங்கற்பட்டுச் சாலையில் பழையசீவரம் சென்று பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். இங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதில் மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், அவர்களுக்குரிய ஊதியம் என யாவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

மாட்டுப் பொங்கலன்று இங்கு பார்வேட்டை. காஞ்சி வரதர் உட்பட ஐந்து ஊர்ப் பெருமாள்கள் ஒருசேரக் காட்சி தருகிறார்கள். கட்டுச்சோற்று மூட்டையுடன் சுற்றூர் மக்கள் திரளும் அந்நாளில் குழந்தைகளுக்கு வேண்டியது ஆற்று மணல் ஒன்றே. மணலோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. சென்று வர எண்ணுவோர் காலையிலேயே புறப்படுவது நலம். மாலையில் பேருந்தில் இடம் கிடைப்பதில்லை.